கிட்னியில் சந்தேகக் கட்டி: ஆறு மாதம் காத்திருந்து ஆபரேஷனுக்குச் சம்மதித்த கதை

2022 ஆகஸ்டில் சாப்பிட்டவுடன் மேல்வயிறு வலிக்கிறது என்று எங்கள் ஊர் டாக்டரிடம் போனேன். பித்தப்பையில் கல் இருக்கலாம் என்று சந்தேகப்பட்டு ஸ்கேன் எழுதிக் கொடுத்தார். கரூரில் பஸ் ஸ்டாண்டு பக்கத்திலேயே எடுத்துக்கொண்டேன். பித்தப்பையில் ஒன்றும் இல்லை. ஆனால் ஸ்கேன் பார்த்த பெண்மணி, கருவியை என் வலது விலாவுக்குக் கீழே வைத்து அழுத்தியபடியே வெகுநேரம் இருந்தார். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னார், விடச் சொன்னார், திரும்பப் படுக்கச் சொன்னார். கடைசியில், “வலது கிட்னியில ஒரு நீர்க்கட்டி இருக்குங்க. சாதா கட்டி மாதிரி இல்லை, உள்ளே தடுப்பு தடுப்பா இருக்கு. சிடி ஒண்ணு எடுத்துப் பாத்துருங்க” என்றார்.

3.6 சென்டிமீட்டர். ஒரு பெரிய நெல்லிக்காய் அளவு. எனக்கு அப்போது 48 வயது. எட்டு வருடமாகச் சர்க்கரை. ஒரு டெக்ஸ்டைல் எக்ஸ்போர்ட் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன்.

கிட்னி என்ற சொல்லைக் கேட்டாலே எங்கள் வீட்டில் எல்லோருக்கும் என் அம்மா ஞாபகம் வந்துவிடும். அம்மாவுக்குச் சர்க்கரையால் இரண்டு கிட்னியும் செயலிழந்து, நான்கு வருடம் வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸ் ஓடியது. கையில் ஊசி குத்தும் இடம் கயிறு மாதிரிப் புடைத்திருக்கும். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று டம்ளரில் கோடு போட்டு வைத்திருப்போம். அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே அம்மா உட்கார்ந்திருப்பது இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது. அதனால் மற்றவர்கள் கேன்சரை நினைத்துப் பயந்தபோது, எனக்குக் கிட்னி போய்விடுமே என்ற பயம்தான் பெரிதாக இருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் எடுத்த முடிவுகள் எல்லாம் இந்தப் பயத்தை ஒட்டியே வந்தன.

சிடி எடுத்தோம். ரிப்போர்ட்டில் “பாஸ்னியாக் 3” என்று, கிட்னி நீர்க்கட்டி எவ்வளவு சந்தேகத்துக்குரியது என்று காட்டும் ஒரு வகுப்பு எண் போட்டிருந்தது. அதைக் கொண்டுபோய்க் காட்டிய முதல் அறுவை சிகிச்சை டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. “கிட்னியையே எடுத்துடலாம்மா. ஒரு கிட்னி போதும், தானம் குடுத்தவங்க எல்லாம் நல்லாத்தானே இருக்காங்க. அடுத்த வாரம் அட்மிட் ஆயிடுங்க” என்றார். கட்டியை மட்டும் எடுக்க முடியாதா என்று கேட்டேன். ரிஸ்க் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

ஒரு கிட்னியோடு நன்றாக வாழலாம் என்று அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் தானம் கொடுப்பவர்களைச் சர்க்கரை, பிரஷர் எல்லாம் சோதித்து, உடம்பு திடமாக இருந்தால்தான் கொடுக்கவே விடுகிறார்கள். எட்டு வருடச் சர்க்கரையோடு, அம்மாவுக்கு டயாலிசிஸ் ஓடிய குடும்பத்தில் பிறந்த எனக்கு அந்தக் கணக்கு பொருந்துமா? அவர் என் சர்க்கரையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் அதுதான் மனதில் உறுத்துகிறது.

வீட்டில் வேறு மாதிரிப் பேச்சு. “எடுத்துப் போட்டா நிம்மதி. உள்ள வெச்சுக்கிட்டுத் தினமும் பயந்துட்டே இருக்க முடியுமா?” என்றார் கணவர். மாமியார் வாழைத்தண்டுச் சாறும் நெருஞ்சி முள் கஷாயமும் ஆரம்பித்துவிட்டார். தெரிந்தவர் ஒருவர், ஊசி போட்டுத் தண்ணீரை உறிஞ்சி எடுத்தால் தீர்ந்தது என்றார். திருப்பூரில் இருக்கும் தம்பி மட்டும், “அக்கா, ஒரு வாரம் பொறு. கோயம்புத்தூர்ல இன்னொரு டாக்டர்கிட்ட காட்டிட்டு முடிவு பண்ணலாம்” என்றான். அந்த ஒரு வார்த்தைக்கு அவனுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

கரூரிலிருந்து கோயம்புத்தூருக்கு வெள்ளகோவில், காங்கேயம், பல்லடம் வழியாக பஸ்ஸில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். அன்றைக்குப் பையில் பெரிய சிடி படங்களை மடித்து எடுத்துப் போயிருந்தேன். யூராலஜி டாக்டர் முதலில் கேட்டது, “சிடி டிஸ்க் இருக்குங்களா?” என்றுதான். இல்லை. ஃபிலிமில் அச்சடித்துக் கொடுப்பது அவர்கள் தேர்ந்தெடுத்த சில படங்கள்தானாம், முழு ஸ்கேனும் டிஸ்க்கில்தான் இருக்குமாம். தம்பி அந்த ஸ்கேன் சென்டருக்குப் போன் செய்து, மறுநாள் அவனே போய் டிஸ்க்கை வாங்கி வந்தான். இந்த ஒன்றை மட்டுமாவது படிப்பவர்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: ஸ்கேன் எடுத்த அன்றைக்கே டிஸ்க் கேட்டு வாங்குங்கள். வருடக் கணக்கில் கழித்துப் போனால் அவர்களிடமே இல்லாமல் போகலாம்.

யூராலஜி டாக்டர் எங்களை ஸ்கேன் படம் படிக்கும் ரேடியாலஜி டாக்டரிடம் கூட்டிப் போனார். இருட்டு அறை, இரண்டு பெரிய திரை, கை விறைக்கும் ஏசி. என் கிட்னியை நான் முதல்முறையாகப் பார்த்தேன். வெள்ளையாக ஒரு மொச்சைக்கொட்டை, அதன் கீழ் முனையில் கறுப்பாக ஒரு உருண்டை ஒட்டிக்கொண்டிருந்தது. உருண்டைக்குள் இரண்டு மெல்லிய கோடுகள். அவர் மவுஸால் ஒரு கோட்டின் மேல் சின்ன வட்டம் போட்டார். பக்கத்தில் 38 என்று ஒரு எண் வந்தது.

“இந்த 38 எங்கிருந்து வந்துச்சுன்னு இந்தப் படத்தை வெச்சுச் சொல்ல முடியாதுங்க” என்றார். “சிடியில வெறும் தண்ணி பூஜ்யத்தை ஒட்டித்தான் வரும். ரத்த ஓட்டம் தெரியறதுக்காக ஏத்தற ஊசி மருந்தைப் போடறதுக்கு முன்னாடியே இந்த இடம் 35, 36ன்னு இருந்திருந்தா, பழைய ரத்தம் உறைஞ்சோ, கால்சியம் படிஞ்சோ இருக்கலாம். முன்னாடி 12 இருந்து, மருந்து போட்டப்பறம் 38 ஆச்சுன்னா, அங்க ரத்த ஓட்டம் இருக்குன்னு அர்த்தம். இருபதுக்கு மேல ஏறுனா சந்தேகமே இல்லை. ஆனா உங்களுக்கு மருந்துக்கு முன்னாடி படமே எடுக்கலையே.”

நான் அதிர்ந்துபோனேன். மருந்து ஏற்றிய பின் எடுத்த படம் மட்டும்தான் அந்த டிஸ்க்கில் இருந்தது. முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பார்க்காமல் “3” என்று எழுதியிருக்கிறார்கள். அந்த ஒரு எண்ணை நம்பி ஒரு கிட்னியை அடுத்த வாரம் எடுப்பதாக இருந்தோம்.

அந்த எண் என்ன என்று அவரே விளக்கினார். நியூயார்க்கில் மார்டன் பாஸ்னியாக் என்ற ரேடியாலஜி டாக்டர் 1986-இல் கிட்னி நீர்க்கட்டிகளை நான்கு வகுப்பாகப் பிரித்தார். ஒன்று, வெறும் தண்ணீர்ப் பை. ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு இது நரைமுடி மாதிரி சகஜம், மறந்துவிடலாம். இரண்டு, உள்ளே ஒன்றிரண்டு மெல்லிய தடுப்பு, கொஞ்சம் கால்சியம். இதையும் விட்டுவிடலாம். மூன்றில், சுவரோ தடுப்போ தடித்தோ மேடுபள்ளமாகவோ இருந்து, அதில் ரத்த ஓட்டமும் இருக்கும். நான்கில், சுவரிலிருந்து கட்டியே முளைத்திருக்கும். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே நிற்கும் கட்டிகளுக்காக “2 எஃப்” என்று ஒரு வகுப்பைப் பின்னால் சேர்த்தார்கள். எஃப் என்றால் ஃபாலோ-அப், தொடர்ந்து கண்காணிப்பது. 2019-இல் இதைத் திருத்தியபோது, தடுப்பு 2 மில்லிமீட்டர் வரை மெல்லியது, 3 மில்லிமீட்டர் என்றால் லேசான தடிப்பு, 4 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் தடித்தது என்று அளவும் போட்டுவிட்டார்கள்.

அதாவது தடிப்பை வைத்துப் பார்த்தால் 2 எஃப் வகுப்புக்கும் மூன்றாம் வகுப்புக்கும் நடுவில் இருப்பது ஒரு மில்லிமீட்டர். ஒரே படத்தை இரண்டு ரேடியாலஜி டாக்டர்கள் பார்த்து இரண்டு வகுப்பு சொல்வது நடக்கக்கூடியதுதான் என்று அவரே ஒப்புக்கொண்டார். அதனால் ரிப்போர்ட்டில் வகுப்பு எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். எத்தனை தடுப்பு, எத்தனை மில்லிமீட்டர், வழுவழுப்பா மேடுபள்ளமா, மருந்துக்கு முன் எவ்வளவு, பின் எவ்வளவு என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதவில்லை என்றால் எழுதித் தரச் சொல்லிக் கேட்கலாம், அதில் தப்பே இல்லை.

மறுபடியும் சிடி எடுத்துக் கதிர்வீச்சை ஏற்ற வேண்டாம் என்று எம்ஆர்ஐ எடுத்தார்கள். அதிலும் ஊசி மருந்து உண்டு, கிட்னி வடிகட்டி வெளியேற்றும் கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் எவ்வளவு என்று பார்த்துவிட்டுத்தான் போட்டார்கள். எனக்கு அப்போது 0.9. முடிவு: இரண்டு தடுப்பு, 3 மில்லிமீட்டர், வழுவழுப்பு, லேசான ரத்த ஓட்டம். 2 எஃப்.

“இப்போ ஆபரேஷன் வேண்டாம்” என்றார் யூராலஜி டாக்டர். “ஆறு மாசத்துல ஒரு எம்ஆர்ஐ, ஒரு வருஷத்துல ஒண்ணு, அப்புறம் வருஷத்துக்கு ஒண்ணு, மொத்தம் அஞ்சு வருஷம். 2 எஃப் கட்டிகள்ல பத்துல ஒண்ணு அளவுதான் மேல் வகுப்புக்கு மாறும். மாறாம அப்படியே இருக்கறதுல நூத்துக்கு ஒண்ணு கூடக் கேன்சர் இருக்காது.”

ஊசி வைத்துச் சதை எடுத்துப் பார்த்துவிட்டால் இன்றைக்கே தெரிந்துவிடாதா என்று கணவர் கேட்டார். எல்லோரும் கேட்கும் கேள்விதான். கெட்டியான கட்டி என்றால் எடுத்துப் பார்க்கலாமாம். இது முக்கால்வாசி தண்ணீர். 3 மில்லிமீட்டர் தடுப்பில் ஊசி சரியாகப் போய் உட்கார வேண்டும். உட்காராமல் போனால் “ஒன்றும் இல்லை” என்று ரிப்போர்ட் வரும், அதை நம்பவும் முடியாது. போதாததற்கு, சந்தேகக் கட்டியைக் குத்தி உள்ளே இருப்பது வெளியே கசிந்துவிடக் கூடாது என்ற பயமும் உண்டு. ஊசியால் தண்ணீரை உறிஞ்சிவிடலாம் என்ற யோசனைக்கும் இதே பதில்தான். அது வலி கொடுக்கும் சாதாரண நீர்க்கட்டிக்குச் செய்வது. வாழைத்தண்டும் நெருஞ்சியும் கல்லுக்குச் சாப்பிடுவது வழக்கம், கட்டியின் சுவரை அவை ஒன்றும் செய்யாது என்று சொல்லி மாமியாரைச் சமாதானப்படுத்தினேன். அவருக்கு வருத்தம்தான். வாழைத்தண்டைப் பொரியலாக்கி எல்லோரும் சாப்பிட்டோம்.

அந்த ஆறு மாதம் சுலபமாகப் போகவில்லை. இரவில் வலது பக்கம் லேசாக இழுத்தால்கூட எழுந்து உட்கார்ந்துவிடுவேன். கணவர் என்னைவிட அதிகமாகப் பயந்தார். காலண்டரில் பிப்ரவரி பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். அப்போது டாக்டர் சொன்ன ஒரு விஷயத்தைத்தான் பிடித்துக்கொண்டேன். எப்போதாவது ஆபரேஷன் வந்தால் அதற்கு உடம்பு தயாராக இருக்க வேண்டும், வராவிட்டாலும் கிட்னிக்கு நல்லது என்று சர்க்கரையைக் குறைக்கச் சொல்லியிருந்தார். மூன்று மாதச் சராசரி 8.4 இருந்தது. காலையில் அமராவதிப் பாலம் வரைக்கும் நடை, ராத்திரிச் சோற்றுக்குப் பதில் ராகி தோசை, மாத்திரையில் ஒரு மாற்றம். பிப்ரவரியில் 7.1 வந்தது. தலைவலி, மூட்டுவலி என்றால் கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளும் வலி மாத்திரைகளையும் நிறுத்தினேன். அவை கிட்னிக்கு ஆகாதவை என்று அம்மா காலத்திலேயே தெரிந்திருந்தும் நான் போட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

2023 பிப்ரவரியில் இரண்டாவது எம்ஆர்ஐ. அளவு 3.9 ஆகியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. ஆனால் டாக்டர் அளவைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சாதாரண நீர்க்கட்டிகூட வளரும், வளர்ந்ததாலேயே கெட்டது ஆகிவிடாது என்றார். அவர் விரல் வைத்துக் காட்டியது வேறு இடத்தை. இரண்டு தடுப்பில் ஒன்று 5 மில்லிமீட்டர் ஆகியிருந்தது, அதன் ஓரம் பிசிறடித்தாற்போல் இருந்தது. ஆறு மாதத்துக்கு முந்தைய படத்தைப் பக்கத்துத் திரையில் போட்டார். வித்தியாசம் எனக்கே தெரிந்தது. இப்போது இது நிஜமாகவே 3.

அப்போதும் அவர் உடனே அட்மிட் ஆகச் சொல்லவில்லை. அவர் சொன்னதை அன்றைக்கு பஸ்ஸில் வரும்போதே ஒரு பேப்பரில் எழுதிவைத்தேன். மூன்றாம் வகுப்புக் கட்டிகளை எடுத்துப் பார்த்தால் ஏறக்குறைய பாதியில்தான் கேன்சர் இருக்கும். மறுபாதிப் பேர் ஒன்றும் இல்லாததற்கு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் ஆகிறார்கள். ஆனால் 2 எஃப்பாக இருந்து கண் முன்னாலேயே 3 ஆக மாறிய கட்டி என்றால், அந்தப் பாதி பத்தில் எட்டுக்கு மேல் போய்விடும். அப்படியே கேன்சர் இருந்தாலும், தண்ணீர்ப்பை மாதிரி வரும் இந்த வகை பெரும்பாலும் மெதுவாகத்தான் போகும், மற்ற இடங்களுக்குப் பரவுவது அரிது. அதனால் இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம் என்றாலும் அது பைத்தியக்காரத்தனம் இல்லை.

அன்றைக்கு வெளியே காத்திருந்தபோது, தாராபுரம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். 76 வயது, இதயத்தில் ஸ்டென்ட், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார். அவருக்கும் மூன்றாம் வகுப்புக் கட்டிதான். இரண்டு வருடமாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள், மாறவில்லை. “எனக்கு இந்தக் கட்டியைவிட மயக்க மருந்துதான் ஆபத்துன்னு டாக்டர் சொல்லிட்டாரு கண்ணு. நான் நிம்மதியா இருக்கேன்” என்றார். ஒரே வகுப்பு, ஒரே டாக்டர். அவருக்குப் பொருத்தம் காத்திருப்பது. எனக்கு என்ன என்பதை நான்தான் பார்க்க வேண்டியிருந்தது.

ராத்திரி பழைய கணக்கு நோட்டு ஒன்றில் பற்று, வரவு என்று கோடு போட்டேன். கேன்சரா இல்லையா என்று எழுத முயன்றால் பேனா நகரவில்லை. எடுத்துப் பார்க்கும் வரை அதற்குப் பதிலே கிடையாது. அதனால் கேள்வியை மாற்றினேன். காத்திருந்தால் எதை இழக்கலாம்? இப்போது கட்டி கிட்னியின் கீழ் முனையில், பாதிக்கு மேல் வெளியே துருத்திக்கொண்டு இருக்கிறது, 4 சென்டிமீட்டருக்குள் இருக்கிறது. கட்டியை மட்டும் வெட்டி எடுத்து மீதிக் கிட்னியைக் காப்பாற்ற இதைவிட நல்ல இடம் கிடைக்காது. உள்பக்கம் வளர்ந்து பெரிய ரத்தக் குழாய்க்குப் பக்கத்தில் போனால் அந்த வாய்ப்பு குறையும். எடுத்தால் எதை இழக்கலாம்? கொஞ்சம் கிட்னி, ஒரு மாதச் சம்பளம், வலி, ரத்தப்போக்கு, சிறுநீர் கசிவு. ஒருவேளை ஒன்றும் இல்லாததற்காக இதையெல்லாம் இழந்தேன் என்று ஆகலாம்.

அந்தக் கடைசி வரியைத்தான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் இல்லை என்று ரிப்போர்ட் வந்தால் என்மேல் எனக்குக் கோபம் வருமா? வராது என்று தோன்றியது. கிட்னி முழுதும் போயிருந்தால் வரும். அம்மாவின் டம்ளரில் போட்ட கோடு ஞாபகம் வந்து வாழ்நாள் முழுக்க வரும். மீதிக் கிட்னி என்னிடமே இருந்தால் வராது. இது புரிந்ததும் சரி, செய்துகொள்ளலாம் என்று கணவரை எழுப்பிச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே தூங்கிவிட்டார்.

ஆபரேஷனுக்கு முன் டாக்டரிடம் நேராகவே கேட்டேன். கட்டியை மட்டும் எடுக்கும் ஆபரேஷனைப் போன வருடம் எத்தனை பேருக்குச் செய்தீர்கள்? நடுவில் முழுக் கிட்னியையும் எடுக்க வேண்டி வந்தது எத்தனை பேருக்கு? கேட்கக் கூச்சமாகத்தான் இருந்தது. அவர் கோபப்படவில்லை, எண்ணிக்கை சொன்னார். முதல் டாக்டரிடமும் இதைக் கேட்டிருந்தால், ஒருவேளை பகுதி மட்டும் எடுப்பது தனக்கு அதிகம் பழக்கமில்லை என்று அவரே சொல்லியிருப்பாரோ என்னவோ. இது லேசான வேலை இல்லை. கிட்னிக்கு வரும் ரத்தக் குழாயைக் கிளிப் போட்டு நிறுத்திவிட்டு, கட்டியைப் பை கிழியாமல் சுற்றி அரிந்து எடுத்து, வெட்டிய இடத்தைத் தைத்து, இருபத்தைந்து நிமிடத்துக்குள் ரத்தத்தை மறுபடி திறந்துவிடப் பார்க்க வேண்டும். நேரம் ஆக ஆக மீதிக் கிட்னி பாதிக்கும். கை பழகியவர்தான் செய்ய வேண்டும்.

ரோபோ, லேப்பராஸ்கோப்பி, வயிற்றைத் திறந்து செய்வது என்று மூன்று வழி சொன்னார். ரோபோவுக்கு இன்சூரன்ஸ் போக நாங்கள் கையிலிருந்து போட வேண்டிய தொகை அதிகம். “எந்த வழின்னாலும் எடுக்கறது அதே கட்டிதான், உங்களுக்குத் திறந்து செஞ்சா எனக்கும் கைக்கு நல்லா எட்டும்” என்றார். அதற்கே சம்மதித்தேன். வலி அதிகமாக இருக்கும், விலாப் பக்கம் கொஞ்ச நாள் மரத்துப்போகும் என்று முன்பே சொல்லிவிட்டார்.

கையெழுத்து வாங்கும் படிவம் வந்தபோது வாங்கிப் படித்தேன். “தேவைப்பட்டால் முழுக் கிட்னியும்” என்று ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது. ரத்தப்போக்கு நிற்காவிட்டால் உயிரைக் காப்பாற்ற அந்த வரி வேண்டும் என்பது புரிந்தது. ஆனால் எந்தச் சூழ்நிலையில் என்று ஜூனியர் டாக்டரைக் கேட்டு, அதையும் அந்த வரிக்குக் கீழே எழுதச் சொன்ன பிறகே கையெழுத்துப் போட்டேன்.

ஆபரேஷன் ஏப்ரலில். அன்றைய நாளைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை, தூங்கிவிட்டேன். விழித்தபோது வலது பக்கம் ஒரு கடப்பாரையை வைத்து அழுத்துவது மாதிரி இருந்தது. முதல் கேள்வி கிட்னி இருக்கிறதா என்பதுதான். நர்ஸ் குனிந்து, “இருக்குங்க அக்கா, கட்டிய மட்டும்தான் எடுத்திருக்காங்க” என்றது. அந்தப் பெண் நன்றாக இருக்க வேண்டும்.

விலாவுக்குக் கீழே ஒரு ரப்பர் குழாய் வைத்திருந்தார்கள், நுனியில் ஒரு பை. முதல் நாள் அதில் சிவப்பாக வந்தது, இரண்டாம் நாள் இளஞ்சிவப்பு, மூன்றாம் நாள் வைக்கோல் நிறம். நிறம் வெளுத்ததும் நான் சந்தோஷப்பட்டேன், டாக்டர் மட்டும் குழாயை எடுக்கவில்லை. அந்தத் தண்ணீரில் கொஞ்சம் எடுத்து லேபுக்கு அனுப்பினார். அதில் கிரியாட்டினின் ரத்தத்தில் இருக்கும் அளவே இருந்தால் வெறும் உடம்பு நீர், பல மடங்கு அதிகம் இருந்தால் தைத்த இடத்தில் சிறுநீர் கசிகிறது என்று அர்த்தம். ரத்தத்தில் இருந்த அளவேதான் இருந்தது. நான்காம் நாள் குழாயை உருவினார்கள், ஆறாம் நாள் வீட்டுக்கு வந்தோம்.

வரும்போது ஒன்றை இரண்டு தடவை சொல்லி அனுப்பினார்கள். மூன்று வாரத்துக்குள் சிறுநீரில் திடீரென்று ரத்தம் வந்தாலோ, தலை சுற்றினாலோ, ராத்திரி ஆனாலும் நேராக ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும். வெட்டிய இடத்தில் சின்ன ரத்தக் குழாய் ஒன்று புடைத்து வெடிக்கலாமாம். எனக்கு அப்படி எதுவும் வரவில்லை, ஆனால் யாராவது ஆபரேஷன் முடிந்து வீட்டில் இருந்தால் இதைத் தெரிந்துகொண்டே இருக்க வேண்டும். குடம் தூக்கவில்லை, மாவு அரைக்கவில்லை, இரண்டு மாதம். விலாப் பக்கம் இன்னமும் ஒரு உள்ளங்கை அளவுக்குத் தொட்டால் உணர்ச்சி குறைவு.

திசுப் பரிசோதனை ரிப்போர்ட் வர ஒன்பது நாள் ஆனது. கிளியர் செல் வகைக் கேன்சர், குறைந்த கிரேடு, பெரும்பகுதி தண்ணீர்ப்பை, வெட்டிய ஓரம் சுத்தம், அதாவது ஓரத்தில் கேன்சர் இல்லை. கேன்சர் என்ற வார்த்தையைப் பார்த்ததும் கணவர் அழுதுவிட்டார். எனக்கு அழுகை வரவில்லை, “ஓரம் சுத்தம்” என்பதை இரண்டு தடவை படித்தேன். கீமோவும் வேண்டாம், கதிர்வீச்சும் வேண்டாம், ஸ்கேன் மட்டும் தவறாமல் எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். கிரியாட்டினின் ஆபரேஷன் முடிந்ததும் 1.2 வரை போய், மூன்று மாதத்தில் 1.0-க்கு வந்தது. அங்கேயே நிற்கிறது.

ஆறு மாதம் காத்திருந்தது தப்போ என்று சிலர் கேட்டார்கள். நான் டாக்டரிடமே கேட்டேன். முதல் மாதமே எடுத்திருந்தாலும் இதே ஆபரேஷன், இதே முடிவுதான் என்றார். ஆனால் முதல் மாதம் நான் படுக்கவிருந்த மேஜையில் போயிருக்கக்கூடியது முழுக் கிட்னி.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். எனக்குக் காத்திருக்கச் சொன்னது கட்டியைச் சரியாகப் படம் எடுத்துப் பார்த்த பிறகு. சிறுநீரில் ரத்தம், காரணமில்லாத காய்ச்சல், எடை இறங்குவது, நான்காம் வகுப்பு என்ற ரிப்போர்ட், இவற்றில் ஏதாவது இருப்பவர்கள் என் கதையைக் காட்டித் தள்ளிப்போட வேண்டாம்.

என் அலமாரியில் இப்போது ஐந்து டிஸ்க் இருக்கிறது, ஒவ்வொன்றின் மேலும் தேதி எழுதி வைத்திருக்கிறேன். போன வாரம் ஆபீஸில் பேக்கிங் பிரிவில் இருக்கும் ஒரு பெண், அவள் அப்பாவின் ஸ்கேன் ரிப்போர்ட்டை எடுத்து வந்து காட்டினாள். கிட்னியில் கட்டி, பாஸ்னியாக் 3, வெள்ளிக்கிழமை அட்மிட் ஆகச் சொல்லியிருக்கிறார்கள். மருந்து போடுவதற்கு முன்னால் படம் எடுத்தார்களா என்று கேட்டேன். தெரியவில்லை என்றாள். டிஸ்க்கும் இல்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் இருவரும் சேர்ந்து அந்த ஸ்கேன் சென்டருக்குப் போன் போட்டோம். ரசீதைக் கொண்டுவந்தால் சாயங்காலமே தருகிறோம் என்றார்கள்.